மலிவுப் பெட்டியில் முழு வரிசை

மேற்கத்திய ராக், பாப், ஃபங்க் இசையின் பழைய ஆல்பங்களை ஐந்தைந்தாகச் சேர்த்து, ஏறக்குறைய ஒரு புது ஆல்பத்தின் விலைக்கே விற்கும் பெட்டிகள் 2010-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஐரோப்பியக் கடைகளில் குவியத் தொடங்கின. வார்னர் குழுமத்தின் ரைனோ நிறுவனம் தன் வரிசைக்கு ‘ஒரிஜினல் ஆல்பம் சீரீஸ்’ என்று பெயர் வைத்தது. சோனியின் வரிசை ‘ஒரிஜினல் ஆல்பம் கிளாசிக்ஸ்’. யுனிவர்சலும் இதே வகையில் பெட்டிகள் போட்டது. பொருளாகப் பார்த்தால் இதைவிட எளிமையாக ஒன்றைச் செய்ய முடியாது. உள்ளங்கை அகலத்தில் ஓர் அட்டைப் பெட்டி, அதன் முகப்பில் ஐந்து ஆல்பங்களின் உறைப்படங்கள் சிறு சதுரங்களாக, உள்ளே ஐந்து மெல்லிய அட்டை உறைகளில் ஐந்து சி.டி.க்கள். அசல் எல்.பி. உறையின் முன்பக்கமும் பின்பக்கமும் பரப்பில் ஆறில் ஒரு பங்காகச் சுருக்கி அச்சிடப்பட்டிருக்கும். கையேடு கிடையாது, அறிமுகக் கட்டுரை கிடையாது, வெளிவராத பாடல்கள் பெரும்பாலும் கிடையாது. சேகரிப்பாளர்கள் இவற்றை ஏளனமாகப் பார்த்தார்கள். மதிப்புரை எழுதுவோர் திரும்பிப் பார்த்தது அரிது. சாகப்போகும் ஒரு வடிவத்தின் மிச்சச் சரக்கைத் தள்ளிவிடும் வேலை என்பதே பொதுவான கணிப்பு. விற்றவர்களின் நோக்கம் அதுவாகவே இருந்திருக்கலாம். ஆனால் விளைவு வேறு. ஒரு கலைஞரின் வேலையை அது பிறந்த வரிசையிலேயே, நல்லது கெட்டது பிரிக்காமல், சாதாரண வருமானமுள்ள ஒருவர் வாங்கிக் கேட்க வழி செய்தது இசைத்தட்டுத் தொழிலின் வரலாற்றில் இந்தப் பெட்டிகள்தாம். அவற்றின் மதிப்பு விலையில் தொடங்குகிறது என்றாலும் விலையோடு முடிவதில்லை. கேட்பவருக்காக எதையும் தேர்ந்தெடுத்துத் தர மறுப்பதே அவற்றின் பெரிய குணம்.

விலையின் கதையைச் சற்று பின்னோக்கிப் பார்க்க வேண்டும். 1982 அக்டோபரில் ஜப்பானில் சி.டி. விற்பனைக்கு வந்தபோது, முதல் வெளியீடுகளில் ஒன்றாக இருந்தது பில்லி ஜோயலின் ‘52-வது ஸ்ட்ரீட்’. அது நான்கு ஆண்டுகளுக்கு முன்பே எல்.பி.யாக வந்து நன்றாக விற்றுத் தீர்ந்த ஆல்பம். புதிய வடிவம் பழைய இசையை மறுபடி விற்றுத்தான் வளரப்போகிறது என்பது அன்றே தெரிந்துவிட்டது. அடுத்த பதினைந்து ஆண்டுகளில் உலகம் முழுவதும் ரசிகர்கள் தங்களிடம் ஏற்கெனவே இருந்த எல்.பி.க்களைச் சி.டி.யாக இன்னொரு முறை வாங்கினார்கள். தயாரிப்புச் செலவு ஆண்டுக்கு ஆண்டு குறைந்தது. கடை விலை குறையவில்லை. பிரிட்டனில் 1993-இல் ஜெரால்ட் காஃப்மன் தலைமையிலான நாடாளுமன்றக் குழு, சி.டி. விலை நியாயமற்றது என்று கடுமையாக எழுதியது. அப்போது முழு விலைச் சி.டி. ஒன்று ஏறக்குறைய 12 பவுண்ட். ஆனால் மறு ஆண்டே ஏகபோகங்கள், இணைப்புகள் ஆணையம் நிறுவனங்கள்மீது தவறில்லை என்று சொல்லிவிட்டது. அமெரிக்காவில் 2000-இல் கூட்டாட்சி வர்த்தக ஆணையம் இன்னும் திட்டமாகப் பேசியது. குறிப்பிட்ட விலைக்குக் கீழே விளம்பரம் செய்யும் கடைகளுக்கு விளம்பர உதவித்தொகையை நிறுத்திவிடும் ஏற்பாட்டை ஐந்து பெரிய நிறுவனங்களும் கடைப்பிடித்தன என்றும், அதனால் மூன்று ஆண்டுகளுக்குச் சற்று மேற்பட்ட காலத்தில் மக்கள் 48 கோடி டாலர் வரை கூடுதலாகக் கொடுத்திருக்கலாம் என்றும் அது சொன்னது. தொழிலின் வருமானம் உச்சத்தைத் தொட்டதும் அதே காலத்தில்தான், 1999-இல். சரிவு தொடங்கிய பிறகு நிறுவனங்கள் ஒன்றையொன்று விழுங்கின. 2004-இல் சோனியும் பி.எம்.ஜி.யும் இணைந்தன. 2012-இல் யுனிவர்சல் ஈ.எம்.ஐ.யை வாங்கியது. மறு ஆண்டு அதன் ஒரு பகுதியான பார்லஃபோன் வார்னரின் கைக்குப் போனது. அரை நூற்றாண்டாகப் பல பெயர்களில் சிதறிக் கிடந்த ஒலிப்பதிவுகள் மூன்று பெட்டகங்களுக்குள் வந்து சேர்ந்தன. பதிவுச் செலவு என்றோ ஈட்டப்பட்டுவிட்டது, டிஜிட்டல் பிரதியும் தயாராக இருக்கிறது, மிஞ்சியது தட்டு அச்சடிக்கும் செலவும் அட்டைச் செலவும் மட்டுமே. ஐந்து ஆல்பங்களைப் பத்துப் பதினைந்து பவுண்டுக்குக் கொடுத்தும் இலாபம் பார்க்க முடியும் என்று இந்தப் பெட்டிகள் மெய்ப்பித்தபோது, பழைய 12 பவுண்ட் விலைக்குச் சொல்லப்பட்ட காரணங்கள் பலவும் ஆட்டம் கண்டன.

மலிவு விலையில் பழைய இசை அதற்கு முன் கிடைக்கவில்லையா என்றால், கிடைத்தது. ஆனால் அது ‘கிரேட்டஸ்ட் ஹிட்ஸ்’ என்ற உருவில் கிடைத்தது. ஒரு குழுவின் பத்தாண்டு உழைப்பிலிருந்து வானொலியில் ஓடிய பன்னிரண்டு பாடல்களை எடுத்து ஒரே தட்டில் போடுவது இத்தொழிலின் மிக இலாபகரமான கண்டுபிடிப்பு. ஈகிள்ஸ் குழுவின் 1971–1975 காலத் தேர்வுத் தொகுப்பு 1976-இல் வந்தது. அமெரிக்காவில் பிளாட்டினம் சான்று பெற்ற முதல் ஆல்பமும் அதுதான். இப்படித் தேர்ந்தெடுப்பது ஒரு கலைஞரின் முகத்தையே மாற்றிவிடும் என்பதற்குப் பாப் மார்லியின் ‘லெஜண்ட்’ சரியான சான்று. மார்லி இறந்து மூன்று ஆண்டுகள் கழித்து, 1984-இல் ஐலண்ட் நிறுவனம் அதை வெளியிட்டது. தொகுப்பைத் திட்டமிட்ட டேவ் ராபின்சன், வெள்ளையர் சந்தையை மனத்தில் வைத்து மார்லியின் அரசியல் வேகத்தைத் தணித்தே பாடல்களைத் தேர்ந்ததாகப் பிற்பாடு மறைக்காமல் சொல்லியிருக்கிறார். ‘சர்வைவல்’ 1979-இல் வந்த ஆல்பம். ஆப்பிரிக்க விடுதலையைப் பற்றியே முழுதும் பேசுவது. அதிலுள்ள ஒரு பாடலை ஜிம்பாப்வே சுதந்திர விழாவில், 1980 ஏப்ரலில், மார்லி நேரில் போய்ப் பாடினார். அந்த ஆல்பத்திலிருந்து ‘லெஜண்ட்’டில் ஒரு பாடல்கூட இல்லை. கோடிக்கணக்கானோருக்கு மார்லி என்றால் கடற்கரையில் கேட்கும் இதமான குரல் என்று பதிந்துபோனது தற்செயல் அல்ல, அப்படித்தான் தொகுத்தார்கள். மறுமுனையில், பணக்கார ரசிகருக்காகச் செய்யப்படும் ஆடம்பரப் பதிப்பும் தேர்வையே வேறு வகையில் செய்கிறது. பிங்க் ஃபிளாய்டின் ‘டார்க் சைட் ஆஃப் த மூன்’ ஆல்பத்துக்கு 2011-இல் வந்த பெரிய பெட்டிக்குள் கோலிக்குண்டுகளும் கழுத்துத் துணியும்கூட இருந்தன. ஏற்கெனவே புகழின் உச்சியிலிருக்கும் ஓர் ஆல்பத்தின்மேல் மேலும் மேலும் பொருளை ஏற்றிப் புனிதமாக்குவது அது. அதற்கு முன்னும் பின்னும் வந்த ஆல்பங்கள் இருட்டிலேயே கிடக்கும்.

இந்தத் தேர்வு முறைமீது கலைஞர்களுக்கே ஆற்றாமை இருந்தது. பாடகி ஜோனி மிட்செலிடம் 1996-இல் ஒரு ‘ஹிட்ஸ்’ தொகுப்புக்கு ரிப்ரீஸ் நிறுவனம் அனுமதி கேட்டபோது, வெற்றிபெறாத பாடல்களுக்கு ‘மிஸஸ்’ என்று இன்னொரு தட்டும் போட்டால்தான் சம்மதம் என்று நிபந்தனை வைத்து, இரண்டையும் ஒன்றாகவே வெளியிட வைத்தார். அந்த எதிர்ப்பின் நியாயம் 2012-இல் ரைனோ வெளியிட்ட பத்துச் சி.டி. பெட்டியைக் கேட்டால் விளங்கும். 1968 முதல் 1979 வரையிலான பத்து ஸ்டுடியோ ஆல்பங்களும் அதில் வரிசையாக இருக்கின்றன. 1974-இல் வந்த ‘கோர்ட் அண்ட் ஸ்பார்க்’ அவருக்கு மிகப் பெரிய விற்பனையைத் தந்தது. மறு ஆண்டு வந்த ‘த ஹிஸ்ஸிங் ஆஃப் சம்மர் லான்ஸ்’ ஆல்பத்தைப் பல விமர்சகர்கள் ஆர்வமின்றியே வரவேற்றார்கள். தன்னைப் பற்றிப் பாடிவந்தவர் திடீரென்று புறநகர்ப் பெண்களின் வாழ்க்கையைத் தொலைவில் நின்று வரைகிறார், ஒரு பாடலில் புருண்டி முரசொலிப் பதிவின்மேல் மூக் சிந்தசைசரை ஓடவிடுகிறார் என்பது அவர்களுக்குப் பிடிபடவில்லை. தனியாக எடுத்துக் கேட்டால் அது இன்றும் புதிராகத் தோன்றலாம். முந்தைய தட்டை முடித்த கையோடு கேட்கும்போது அப்படித் தோன்றுவதில்லை. ஜான் கெரின், லேரி கார்ல்டன் போன்ற அதே லாஸ் ஏஞ்சலிஸ் ஜாஸ் வாத்தியக்காரர்கள் 1974-இன் தட்டில் பாட்டுக்குப் பின்னே அடக்கமாக வாசிக்கிறார்கள். அடுத்ததில் பாட்டின் கட்டுமானத்தையே தங்கள் கையில் எடுத்துக்கொள்கிறார்கள். 1976-இன் ‘ஹெஜிரா’வில் ஜாகோ பஸ்டோரியஸின் பேஸ் கிதார் நான்கு பாடல்களில் குரலுக்கு இணையான இன்னொரு குரலாக நடக்கிறது. 1979-இல் சார்ல்ஸ் மிங்கஸோடு சேர்ந்து ஓர் ஆல்பம் உருவானதற்கான படிகள் இவை. தோல்வி என்று ஒதுக்கப்பட்ட தட்டு இந்த வரிசையில் தாண்ட முடியாத ஒரு படி. அந்த ஆல்பத்தைத் தனக்கு மிகப் பிடித்தவற்றுள் ஒன்றாகப் பாடகர் பிரின்ஸ் சொல்லியிருக்கிறார் என்பதை இங்கே நினைத்துக்கொள்ளலாம்.

என் வாதத்துக்கு இன்னும் நெருக்கமான சான்று லிட்டில் ஃபீட் குழுவின் ‘ஒரிஜினல் ஆல்பம் சீரீஸ்’ பெட்டி. 1971 முதல் 1975 வரை வந்த முதல் ஐந்து ஆல்பங்கள் அதில் உள்ளன. இந்தக் குழுவுக்குப் பெரிய ‘ஹிட்’ என்று சொல்ல ஒன்றுமில்லை. சக இசைக்கலைஞர்களின் மரியாதைதான் இவர்களின் சொத்து. குழுவின் தலைவர் லவல் ஜார்ஜ் எழுதிய ‘வில்லின்’ என்ற பாடல், நெடுஞ்சாலையில் இரவு பகலாக லாரி ஓட்டும் ஒருவனின் குரலில் அமைந்தது. முதல் ஆல்பத்தில் அது கிட்டத்தட்ட எலும்புக்கூடாக இருக்கிறது. அப்போது ஜார்ஜின் கையில் காயம் பட்டிருந்ததால், ஸ்லைடு கிதாரை ரை கூடர் வந்து வாசித்துக் கொடுத்தார். குரலும் கிதாரும் தவிரப் பெரிதாக ஒன்றும் இல்லை. பாடுபவனின் களைப்பு மூச்சுக்கு மூச்சு தெரிகிறது. 1972-இல் வந்த இரண்டாவது ஆல்பமான ‘செய்லின் ஷூஸ்’இல் அதே பாடலை மறுபடி பதிவு செய்தார்கள். வேகத்தைத் தளர்த்தி, பில் பெய்னின் பியானோவையும் ஸ்னீக்கி பீட் கிளைனோவின் பெடல் ஸ்டீலையும் சேர்த்து, குழுவாகப் பாடியபோது அந்தத் தனியனின் முனகல் ஒரு கூட்டத்தின் பாட்டாக மாறியது. உலகம் அறிந்தது இந்த இரண்டாவது வடிவத்தைத்தான். தேர்ந்து தொகுப்பவர் எவரும் ஒரு பாடலை இருமுறை சேர்க்கமாட்டார்; சேர்த்தால் அது குறை. ஆனால் இரண்டையும் அடுத்தடுத்து கேட்பவருக்கு, ஓராண்டு இடைவெளியில் ஒரு குழு எதைக் கற்றுக்கொண்டது என்பது விளக்கமே தேவையில்லாமல் காதில் விழுகிறது.

அதோடு நிற்கவில்லை. ‘செய்லின் ஷூஸ்’ முடிந்ததும் பேஸ் வாசித்த ராய் எஸ்ட்ராடா விலகிவிட, கென்னி கிராட்னி, காங்கா வாசிக்கும் சாம் கிளேட்டன், இரண்டாவது கிதாரில் பால் பரேர் என மூவர் வந்து சேர்ந்தார்கள். 1973-இன் ‘டிக்ஸி சிக்கன்’ நியூ ஆர்லியன்ஸ் தாளத்துக்குள் மூழ்கி எழுந்தது. அங்கே ஃபங்க் இசைக்கு முதுகெலும்பாக இருந்த ஆலன் டூசாண்டின் பாடல் ஒன்றும் அதில் இடம்பெற்றது. பிறகு 1974-இன் ‘ஃபீட்ஸ் டோன்ட் ஃபெயில் மி நவ்’ ஆல்பத்தின் கடைசியில் ஒரு நீண்ட கலவைப் பதிவு வருகிறது. இரண்டாவது ஆல்பத்தில் தனித்தனியாக, சுருக்கமாக, ராக் பாணியில் இருந்த இரண்டு பாடல்கள் இங்கே ஒன்றாகக் கோக்கப்பட்டுப் பத்து நிமிடம் ஓடுகின்றன. காங்காவும் டிரம்மும் தாளத்தின் பின்விளிம்பில் தொற்றிக்கொண்டு, அடி விழ வேண்டிய இடத்துக்கு ஒரு மயிரிழை தாமதமாகவே வந்து சேர்கின்றன. ஐந்து தட்டுகளில் மூன்று பாடல்கள் இருமுறை வருகின்றன, மூன்றும் வெவ்வேறு உருவில். வெள்ளையர் பெரும்பான்மையாக இருந்த ஒரு கலிஃபோர்னியா ராக் குழு, தெற்கின் கறுப்பின இசையிடம் பாடம் கேட்டு, தன் நடையையே மாற்றிக்கொண்டதற்கு இதைவிடத் தெளிவான ஆவணம் கிடையாது. அந்த ஆவணத்தை உருவாக்கியது எந்த ஆய்வாளரும் அல்ல. ஐந்து தட்டையும் அப்படியே எடுத்து ஒரு பெட்டிக்குள் வைத்த வணிகச் சோம்பல் என்றே வைத்துக்கொள்வோம். அதனால் ஆவணத்தின் மதிப்பு குறைந்துவிடாது.

ஐந்து என்ற எண்ணே ஒரு தேர்வுதானே, நிறுவனத்தின் வேலியும் ஒரு தேர்வுதானே என்ற கேள்வி இங்கே எழும். நியாயமான கேள்வி. லிட்டில் ஃபீட் பெட்டியின் ஐந்தாவது தட்டான ‘த லாஸ்ட் ரெக்கார்ட் ஆல்பம்’ பின்னட்டையில் ஒரு பாடலின் வரிகள் அச்சிடப்பட்டு, குறுக்கே அடிக்கப்பட்டு, அடுத்த முறை பார்க்கலாம் என்ற பொருளில் ஒரு குறிப்பும் இருக்கும். அந்தப் பாடல் சொன்னபடியே 1977-இல் ‘டைம் லவ்ஸ் எ ஹீரோ’வில் வந்தது. மலிவுப் பெட்டியோ 1975-இலேயே நின்றுவிடுகிறது. குழுவின் வார்னர் காலப் பதிவுகள் முழுவதும் பதின்மூன்று சி.டி. பெட்டியாக வந்தது 2014-இல்தான். வேலியின் சிக்கல் இன்னும் ஆழமானது. ஃபங்க் இசைக்கலைஞர் ஜார்ஜ் கிளின்டன் ஏறக்குறைய ஒரே வாத்தியக் கூட்டத்தை வைத்துக்கொண்டு பார்லமென்ட், ஃபங்கடெலிக் என்று இரண்டு பெயர்களில் பதிவு செய்தார். பார்லமென்ட்டின் ‘மதர்ஷிப் கனெக்‌ஷன்’, ஃபங்கடெலிக்கின் ‘லெட்ஸ் டேக் இட் டு த ஸ்டேஜ்’ இரண்டுமே 1975-இல் வந்தவை. முன்னது காசாபிளாங்கா, பின்னது வெஸ்ட்பவுண்ட். மறு ஆண்டு ஃபங்கடெலிக் வார்னருக்குப் போனது. ஃபங்க் இசையின் அந்த ஒற்றை ஆண்டை முழுதாகச் சொல்ல எந்த ஒரு நிறுவனத்தின் மலிவுப் பெட்டிக்கும் உரிமை இல்லை. ஆகவே தேர்வே இல்லாத பெட்டி என்று நான் சொல்ல வரவில்லை. ஒப்பந்தமும் சொத்துரிமையும் போடும் எல்லை கண்ணுக்குத் தெரியும் எல்லை. எங்கே கதை அறுந்தது என்று கேட்பவருக்குத் தெரியும், தேடிப் போகலாம். ரசனையின் பெயரால் ஒருவர் வெட்டியெறிந்தது கேட்பவருக்குத் தெரியவே தெரியாது. ‘லெஜண்ட்’ மட்டுமே கேட்டவருக்கு ‘சர்வைவல்’ என்று ஒன்று விடுபட்டிருக்கிறது என்ற ஐயம்கூட வராது.

கலைஞருக்கு இதில் என்ன கிடைக்கிறது என்பது கனமான ஆட்சேபம். பழைய ஒப்பந்தங்கள் பலவற்றில், மலிவு வரிசையில் விற்கும் தட்டுக்கு ராயல்டி விகிதத்தைப் பாதியாகக் குறைக்கும் சரத்து உண்டு. விலையும் குறைந்து விகிதமும் குறைந்தால் கைக்கு வருவது சில்லறை. அதுவும் என்றோ வாங்கிய முன்பணம் கழியாமல் நின்றால் அந்தச் சில்லறையும் கணக்கில்தான் ஏறும், கைக்கு வராது. இந்தக் குறையை நான் மழுப்ப விரும்பவில்லை. மலிவுப் பெட்டியின் மிக மோசமான பக்கம் இதுதான். ஆனால் குற்றம் ஒப்பந்தத்தில் இருக்கிறது, பெட்டியில் இல்லை. அதே ஒப்பந்தம் ஸ்ட்ரீமிங் வருமானத்தையும் அதே பழைய கடனில்தான் கழித்தது. திருத்த முடியும் என்பதற்கும் சான்று இருக்கிறது: 2000-க்கு முன் கையெழுத்திட்ட தகுதியுள்ள கலைஞர்களுக்கு, கழியாத பழைய கடனைக் காரணம் காட்டி ராயல்டியை நிறுத்தி வைப்பதில்லை என்று சோனி 2021-இல் அறிவித்தது, மற்ற இரு பெரிய நிறுவனங்களும் மறு ஆண்டே அதைப் பின்பற்றின. இன்னொரு வேறுபாட்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. ஐரோப்பாவில் ஒலிப்பதிவு உரிமைக் காலம் 50 ஆண்டிலிருந்து 70 ஆண்டாக 2013-இல் நீண்டபோது, 1962 முடிய வெளிவந்த பதிவுகள் அந்த நீட்டிப்புக்குள் வரவில்லை. அவற்றை யார் வேண்டுமானாலும் அச்சிடலாம். நான்கு தட்டில் எட்டு ஜாஸ் ஆல்பம் என்று விற்கும் பெட்டிகள் பலவும் அப்படி வருபவை. வாசித்தவருக்கோ அவர் குடும்பத்துக்கோ பதிவு உரிமையின் பேரில் அவை எதுவும் தரவேண்டியதில்லை. ராக், ஃபங்க் பெட்டிகள் அந்த ரகம் அல்ல. குறைவாகவேனும் கணக்கு வைக்கக் கடமைப்பட்ட உரிமையாளர்கள் வெளியிடுபவை.

எல்லாம்தான் ஸ்ட்ரீமிங்கில் கிடைக்கிறதே, இனி ஏன் தட்டு என்பவர்களுக்கும் பதில் சொல்ல வேண்டும். கிடைப்பது உண்மை. ஆனால் ஸ்பாட்டிஃபையில் ஒரு கலைஞரின் பக்கத்தைத் திறந்தால் முதலில் நிற்பது அதிகம் கேட்கப்பட்ட ஐந்து பாடல்கள். ‘கிரேட்டஸ்ட் ஹிட்ஸ்’ தட்டை ஒரு மனிதர் தொகுத்தார். இங்கே கூட்டத்தின் பழக்கம் ஒவ்வொரு நாளும் அதைத் தொகுத்துக்கொண்டே இருக்கிறது. ஆல்பத்தின் பாடல் வரிசையைக் குலைத்துப் போடுவதே இயல்புநிலையாக இருந்ததை, 2021-இல் பாடகி அடெல் கேட்டுக்கொண்ட பிறகுதான் அந்நிறுவனம் மாற்றியது. 2024 முதல், ஓராண்டில் ஆயிரம் முறைக்குக் குறைவாகக் கேட்கப்பட்ட பாடலுக்கு அது ராயல்டியே கொடுப்பதில்லை. ஆல்பத்தின் நடுவில் கிடக்கும் கேட்பாரற்ற பாடலுக்கு இந்த ஏற்பாட்டில் என்ன எதிர்காலம் இருக்க முடியும்? கிடைப்பதும் நிரந்தரம் அல்ல. நீல் யங்கும் ஜோனி மிட்செலும் 2022 ஜனவரியில் கொள்கைக் காரணத்துக்காகத் தங்கள் பதிவுகளை ஸ்பாட்டிஃபையிலிருந்து எடுத்துக்கொண்டார்கள். திரும்பி வந்தது 2024 மார்ச்சில். அவர்கள் செய்தது அவர்கள் உரிமை. அந்த இரண்டு ஆண்டும் ‘ஹெஜிரா’வைத் தடையில்லாமல் கேட்டவர்களில் அந்தப் பத்துத் தட்டுப் பெட்டியை வைத்திருந்தவர்களும் உண்டு.

ஒலித்தரம் பற்றிய குறையை நான் அவ்வளவு பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. பெட்டிக்காகப் புதிதாக மெருகேற்றாமல், கைவசமிருந்த பழைய டிஜிட்டல் பிரதியையே பெரும்பாலும் பயன்படுத்தினார்கள் என்பது சரி. 1980-களில் அவசரமாகச் செய்த சில பிரதிகள் மங்கலாகவே ஒலிக்கின்றன. ஆனால் 1990-களின் பிற்பகுதியிலிருந்து வந்த மெருகேற்றங்கள் பலவும், மெல்லிய ஒலிக்கும் உரத்த ஒலிக்கும் உள்ள இடைவெளியை நசுக்கி எல்லாவற்றையும் ஒரே உரப்பில் கொண்டுபோய் நிறுத்தின. அந்த நசுக்கலுக்குத் தப்பிய பழைய பிரதி சில சமயம் காதுக்கு நல்லதாகவே அமைந்துவிடுகிறது.

உண்மையான இழப்பு காகிதத்தில் இருக்கிறது. பார்லமென்ட்டின் ‘ஃபங்கன்டெலக்கி’ எல்.பி.யோடு 1977-இல் ஓவர்டன் லாய்ட் வரைந்த படக்கதைப் புத்தகமும் சுவரொட்டியும் வந்தன. மறு ஆண்டின் ‘மோட்டர் பூட்டி அஃபேர்’ உறையை விரித்தால் கடலடி நகரம் ஒன்று நிமிர்ந்து நிற்கும். ஃபங்கடெலிக் உறைகளில் 1973 முதல் பெட்ரோ பெல் வரைந்த படங்களும் பொடி எழுத்தில் எழுதிய நெடும் புனைவுரைகளும் அந்த இசையின் பாதி. கேட்பவர்கள் அவற்றைப் படித்துத்தான் அந்த உலகத்துக்குள் போனார்கள். விரியும் உறையை ஒற்றை அட்டையாக்கி, உள்ளுறையை விட்டுவிட்டால் இவை எல்லாம் போய்விடுகின்றன. படத்தைவிட எனக்குப் பெரிய வருத்தம், வாசித்தவர்களின் பெயர்கள் போவது. உள்ளுறையில் அச்சிட்டிருந்தால் யார் டிரம், யார் பேஸ், எந்த ஸ்டுடியோ என்பதற்குப் பெட்டியில் தடயமே இல்லை. நியூ ஆர்லியன்ஸின் மீட்டர்ஸ் குழுவை எடுத்துக்கொண்டால் இதன் தீவிரம் தெரியும். ஆர்ட் நெவில், ஜார்ஜ் போர்ட்டர், லியோ நொசென்டெல்லி, ஜிகபூ மொடலிஸ்ட் ஆகிய நால்வரும் தங்கள் பெயரில் பதிவு செய்ததோடு, ஆலன் டூசாண்ட் தயாரித்த பிறர் ஆல்பங்களுக்கும் வாசித்தார்கள். டாக்டர் ஜானின் 1973 ஆல்பமான ‘இன் த ரைட் பிளேஸ்’ முழுவதும் துடிப்பது இவர்கள் கை. மறு ஆண்டு ராபர்ட் பால்மர் வெளியிட்ட முதல் தனி ஆல்பத்தில் இவர்களும் லவல் ஜார்ஜும் சேர்ந்தே இருக்கிறார்கள். ‘டிக்ஸி சிக்கன்’ எங்கிருந்து வந்தது, எங்கே போய்ச் சேர்ந்தது என்ற கேள்விக்கான விடை இந்தப் பெயர்ப்பட்டியல்களில்தான் இருக்கிறது. பெயர்கள் அச்சில் இல்லையென்றால் தட்டுக்குத் தட்டு ஓடும் அந்த இழை அறுந்துபோகிறது; புகழ் முன்னால் நிற்பவருக்கும் மறதி பின்னால் வாசித்தவருக்கும் என்று பங்காகிவிடுகிறது.

மலிவு என்றால் இப்படித்தான் இருக்கும் என்பதை ஏற்க முடியாது. தமிழ்ப் பதிப்பாளர் மர்ரே எஸ். ராஜம் 1950-களில் மலிவு விலையில் கொண்டுவந்த சங்க இலக்கிய, கம்பராமாயணப் பதிப்புகளில் உரை இல்லை, படம் இல்லை. ஆனால் பாடம் பார்த்து, சந்தி பிரித்து, சாதாரண வாசகர் படிக்கும்படி செய்வதற்கான உழைப்பில் அவர் மிச்சம் பிடிக்கவில்லை. இசைத்தட்டிலும் அப்படிச் செய்தவர்கள் இருக்கிறார்கள். இலண்டனின் செர்ரி ரெட் நிறுவனம் 2020-இல் மீட்டர்ஸ் குழுவின் 1968–1977 காலப் பதிவுகளை உரிமம் பெற்று, ஆறு சி.டி. பெட்டியாகப் போட்டது. ஜோசி நிறுவனத்துக்காகச் செய்த சுருக்கமான, சொல்லில்லாத ஆரம்பகாலத் துண்டுகளில் தொடங்கி, 1970-இன் ‘ஸ்ட்ரட்டின்’ ஆல்பத்தில் மெல்லக் குரல் நுழைவதையும், 1974-இன் ‘ரெஜுவனேஷன்’இல் ஒரே பாடல் ஏறக்குறைய பன்னிரண்டு நிமிடம் விரிவதையும் அதில் வரிசையாகக் கேட்கலாம். கூடவே கட்டுரையும் தகவல்களும் அடங்கிய கையேடும் இருக்கிறது. பெரிய நிறுவனங்களின் ஐந்து தட்டுப் பெட்டியைவிட விலை அதிகம்தான். ஆனாலும் ஆடம்பரப் பதிப்பின் விலைக்குப் பக்கத்தில்கூட அது போகவில்லை. இரவல் வாங்கிய பதிவுகளுக்கு ஒரு சிறு நிறுவனம் செய்ததை, பதிவுகளுக்குச் சொந்தக்காரர்களான பெரிய நிறுவனங்கள் செய்யாமல் விட்டதற்குக் காசு காரணமாக இருக்க முடியாது. ஒவ்வோர் ஆல்பத்துக்கும் பாடியவர், வாசித்தவர், பதிவு செய்தவர், இடம், தேதி என்று ஒரு பக்கம் ஒதுக்கினால் ஐந்து ஆல்பத்துக்கும் ஒரு மடித்த தாள் போதும். அந்தத் தகவல்கள் அவர்களுடைய கோப்புகளிலும் நாடாப் பெட்டிகளின் மேலொட்டிகளிலும் அமெரிக்க இசைக்கலைஞர் சங்கத்தின் ஒலிப்பதிவுப் படிவங்களிலும் இருப்பவை. ஆனால் அவை என்றும் அழியாமல் இருக்கும் என்ற உறுதி இல்லை. யுனிவர்சல் ஸ்டுடியோ வளாகத்தில் 2008 ஜூன் முதல் தேதி மூண்ட தீ மூல ஒலிநாடாக்கள் இருந்த கிடங்கையும் எரித்தது; இழப்பு எவ்வளவு பெரியது என்பது வெளியுலகத்துக்குத் தெரியவந்தது 2019-இல், அதுவும் ஒரு நாளிதழ் துருவி எழுதிய பிறகு. நாடாவுக்குப் பிரதி வேறெங்காவது இருக்கலாம். அதன் பெட்டிமேல் யாரோ பேனாவால் எழுதிவைத்த பெயர்களுக்குப் பெரும்பாலும் பிரதி இருக்காது.